அணைந்த உலைக்களங்கள்

தோற்றுவாய்

மண்ணினின்று இரும்பைப் பிரித்தெடுக்கும் தொழிலை நம் நாட்டார் மிகப் பழைய நாளிலேயே அறிந்திருந்தனர். தமிழ்நாட்டு இரும்பின் தொன்மையைக் குறித்துத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளியிட்ட ஆய்வறிக்கை, அஃது ஐயாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டதெனக் கூறுகின்றது. சங்கச் செய்யுட்களிலே கொல்லனும் அவனது உலையும் துருத்தியும் பலவிடத்தும் வருதலைத் தமிழ் பயில்வார் அறிவர். எரியும் உலை அஞ்சத்தக்கது என்பதைச் சிறு குழவியும் உணரும். அதன் வெம்மையே அருகில் வருவோரை விலக்கிவிடும். அணைந்த உலையோ அங்ஙனம் எவரையும் விலக்குவதில்லை. புல் முளைத்து, புறாக் குடியேறி, ஒலியடங்கிக் கிடக்கும் ஓர் ஆலையைக் காண்பவர்க்கு அஃது உயிரற்றதொன்றாகவே தோன்றும். அத்தோற்றம் எத்துணைப் பொய்யானது என்பதை ஒருசிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுமாறு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. எங்கள் சிற்றூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. ஊர்ப்புறத்தே, பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் சிற்றாலை ஒன்று பல்லாண்டுகளாக மூடிக்கிடக்கின்றது. அதன் சுற்றுச்சுவர் ஒருபுறம் இடிந்துவிட்டது. சென்ற கோடை விடுமுறையில் பதினான்கு வயதினனாகிய என் தம்பி, நண்பர் மூவருடன் அங்கே பந்தாடச் சென்றான். பந்து, கொட்டகையினுள் இருந்த ஆழ்ந்த குழியொன்றில் விழுந்தது. சிறுவருள் ஒருவன், சுவரிற் பதித்திருந்த இரும்புப் படிகளைப் பற்றி இறங்கலானான். மூன்றாம் படி முறிந்தது. அவன் உள்ளே வீழ்ந்தான். அவனது கூக்குரல் கேட்டு என் தம்பியும் குழியினுட் காலை வைத்துவிட்டான். அவ்வேளையில் அயலிலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து அவன் சட்டையைப் பற்றியிழுத்து, "இறங்காதே தம்பி, இறங்காதே! உள்ளே கிடப்பவன் ஒருவனே போதும்" என்று அதட்டினாராம். பின்னர்க் கிணற்றுக் கயிறு கொணர்வித்து, மேலிருந்தவாறே அதனை விட்டு, கைமுறிந்த அச்சிறுவனை வெளியே தூக்கினார். குழியில் இடையளவு சேற்றுநீர் இருந்தமையால் அவன் உயிர் பிழைத்தான்.

மறுநாள் நான் அம்முதியவரைக் கண்டு நன்றி கூறினேன். "என் அண்ணன் இப்படித்தான் போனான், ஐயா. பாழுங்கிணற்றிலே இறங்கினவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க என் சிற்றப்பா இறங்கினார், அவரும் வரவில்லை. அதற்குமேல் எங்கள் அம்மா ஒருவரையும் இறங்கவிடவில்லை" என்று அவர் சொல்லி, ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அச்சொற்கள் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. தமிழிலக்கியம் பயிலும் எனக்கு இரும்பைப் பற்றியும் காற்றைப் பற்றியும் யாதும் தெரியாது. வடநாட்டு உருக்காலையொன்றில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவையும், நம் கல்லூரி வேதியியற் பேராசிரியரையும் வினவியும், நூல்களைத் துருவியும் நான் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

பழைய உலைகள்

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கல் தொலைவில் பொற்பனைக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. சங்ககாலத்ததாகக் கருதப்படும் கோட்டையொன்றின் மதிலும் அகழியும் அங்கே இன்றும் காணப்படுகின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் அப்பகுதியிற் கிடைத்தது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தாரும், 2023 முதல் தமிழகத் தொல்லியல் துறையினரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். கோட்டையின் அயலிலே இரும்புருக்கிய இடங்களும் சிட்டக் குவியல்களும் உள்ளன. செம்பூராங்கற் பரப்பின்மீது கறுத்துக் கிடக்கும் அச்சிட்டத்தை எடுத்துப் பார்த்தால், உருகி ஓடியதன் வரிகள் அதிலே தெரியும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவ்வுலைகள் விட்டுச் சென்றது இவ்வளவே. ஆடு மேய்ப்பவர் அதன்மேல் அஞ்சாது நடக்கின்றார்.

புதுக்கோட்டை வழியாக ஓடுவது தென்வெள்ளாறு. அதே பெயர் பூண்ட வடவெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் 1825இல் தம் பதவியைத் துறந்து, 1830இல் அவ்வூரிலே ஐரோப்பிய முறையில் இரும்பாலை ஒன்றை அமைத்தார். சேலத்து இரும்புக்கல்லும் காட்டு மரக்கரியும் அதற்கு உணவாயின. கேரளக் கரையிலுள்ள பேப்பூரிலும் திருவண்ணாமலையிலும் அதன் கிளைகள் தோன்றின. ஆயினும் கரிப்பஞ்சமும், கல்லைக் கொணரும் செலவும், கடன்சுமையும் அம்முயற்சியை நிலைக்கவிடவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், மாங்கனீசைச் சேர்த்து எஃகைச் சிறப்பிக்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றும், அதுபற்றிய வழக்குகளில் அலைந்து 1851இல் இறந்தார். 1860களின் பிற்பகுதிக்குள் பரங்கிப்பேட்டை உலைகளும் அணைந்துபோயின. இத்தகைய உலைகள் விட்டுச் சென்றவை பெரும்பாலும் செங்கல்லும் சிட்டமும் வெட்டுண்ட காடுகளுமே.

நம் காலத்து ஆலை இவற்றைப் போன்றதன்று. கல், கரி, காற்று என்னும் மூன்றோடு நில்லாது, எண்ணெயும் அமிலமும் மின்சாரமும் கல்நாரும் கதிர்வீசும் பொருளும் அதனுட் புகுந்துள்ளன. தொழில் நுணுக்கம் வளருந்தோறும், தொழில் நின்றபின் எஞ்சும் தீங்கும் உடன் வளர்ந்துள்ளது. அத்தீங்குகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

துருவும் கட்டடமும்

இரும்பு, ஈரத்தையும் பிராணவாயுவையும் ஏற்றுத் துருவாக மாறுகின்றது. துருவானது தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். ஆகவே துருவேறிய தகடு மெலிந்து தோன்றாது. முன்னிலும் தடித்தே தோன்றும். நடைபாதைத் தகடு ஒன்று பார்வைக்கு அரையங்குலம் இருக்கலாம். அதனுள் எஞ்சியுள்ள நல்லிரும்பு ஓட்டாஞ்சல்லியின் தடிப்பே இருத்தலும் கூடும். கற்காரையினுட் புதைந்த கம்பி துருவேறிப் பெருத்தால் காரையைப் பிளந்து வெளிப்படும். மேற்கூரையிலிட்ட கல்நார் ஓடுகளோ வெயிலிலும் மழையிலும் நாளடைவில் முருங்கைக் கிளைபோல் எளிதில் முறிவனவாகிவிடும். என் தம்பியின் நண்பனை வீழ்த்திய படியும் இங்ஙனம் தன் வலியிழந்து உருவம் மாத்திரம் தாங்கிநின்ற ஒன்றே.

இதனோடு மற்றொரு கேடும் சேர்கின்றது. மூடிய ஆலைக்குள் பழைய இரும்பு திருடுவோர் முதலிற் கழற்றுவது, எளிதிற் கழலும் கைப்பிடிகளையும் குழிமூடிகளையும் குறுக்குச் சட்டங்களையுமே. குறுக்குச் சட்டம் என்பது அலங்காரமன்று; தூண்கள் ஒருபுறம் சாயாமல் காப்பது அதுவே. அதனை இழந்த கட்டடம் காற்றில்லாத நாளிலும் சாய்தல் கூடும். கட்டடத்தின் நிலையைக் கணக்கிடும் வல்லுநர்க்கும் இவ்விடர் உண்டு. இங்கிலாந்தில் தொழில் நின்றுபோன டிட்காட் மின்னிலையத்தை இடிப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கையில், 2016 பிப்ரவரி 23ஆம் நாள், கொதிகலக் கட்டடம் காலத்திற்கு முன்பே சரிந்து நால்வரைக் கொன்றது. பயிற்சியும் கருவியும் உடையார்க்கே இந்நிலை எனின், கைப்பேசியிற் படம்பிடிக்கும் விருப்பத்தோடு கூரைமேல் ஏறும் இளைஞரைப் பற்றி என் சொல்வது?

குழிகள்

உருளாலையிற் காய்ந்த இரும்பை உருட்டுங்கால் அதன் மேற்றோல் செதில்செதிலாக உதிரும். அச்செதிலை நீர்பாய்ச்சிக் கழுவித் தரைக்கீழ்க் குழியொன்றிற் சேர்ப்பர். அக்குழி இருபது முப்பது அடி ஆழமும் இருத்தல் கூடும். ஆலை நடக்கும் நாளில் நீரை இறைத்துச் செதிலை வாரியெடுப்பர்; ஆலை நின்றால் இறைப்பாரில்லை. மழைநீர் நிரம்பி, எண்ணெய் மிதந்து, தூசியும் பாசியும் மூடி, அக்குழி தரையைப் போலவே தோன்றும். இறங்கினவன் ஏறிவரப் பிடிப்பு ஒன்றுமிராது, பக்கங்கள் செங்குத்தானவை, எண்ணெய் படிந்தவை.

எங்கள் மாவட்டத்தார்க்கு இஃதொரு புதுமையன்று. திருமயம், குளத்தூர், விராலிமலை ஆகிய பக்கங்களிற் கல்வெட்டியெடுத்துக் கைவிட்ட குவாரிக் குழிகளை அறியாதார் இலர். நீலநீர் நிரம்பிய அக்குழிகள் குளிக்க வருமாறு சிறுவரை அழைப்பன போன்றிருக்கும். ஊருணியில் இறங்குவார்க்குக் கரை படிப்படியாகத் தாழும். குவாரியில் இறங்குவார்க்கு முதலடியே ஆழமாகும். ஆலைக்குழியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

காற்றின் வஞ்சனை

இதுவரை கூறியவை கண்ணாற் காணத்தக்க இடர்கள். இனிக் கூறப்போவது காணவும் முகரவும் ஒண்ணாதது. ஆலை நடக்கையில் ஊதுலையினின்று வெளிப்படும் வாயுவில் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதினும் இருநூறு மடங்கிற்கு மேல் வலிமையாக அதனைப் பற்றிக்கொள்ளும். பிலாய் எஃகாலையில் 2014 ஜூன் 12ஆம் நாள் நீரேற்று நிலையமொன்றிற் பழுது நேர்ந்து இவ்வாயு பரவியதனால், உயர் அலுவலர் இருவர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர்.

உலை அணைந்துவிட்டால் இவ்வாயு தோன்றுவது நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால், அப்போது வேறொரு கேடு அவ்விடத்தைப் பற்றுகின்றது. இரும்பு துருவேறுதற்குப் பிராணவாயு வேண்டும் என்றேனன்றோ? திறந்த வெளியில் அது எத்துணை உண்டாலும் காற்று குறைவதில்லை. மூடிய தொட்டியிலோ குழாயிலோ நிலவறையிலோ துருவேறும் சுவர், உள்ளிருக்கும் காற்றின் பிராணவாயுவைச் சிறிது சிறிதாக உண்டுவிடுகின்றது. பேராசிரியர் துணைகொண்டு நான் ஒரு கணக்கிட்டுப் பார்த்தேன். பத்துக் கனமீட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டியொன்றிற் காற்றிலுள்ள பிராணவாயுவை நூற்றுக்கு 21 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைப்பதற்கு, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ இரும்பு துருவேறினாற் போதும். அதனை உட்சுவர் முழுவதும் பரப்பிப் பார்த்தால், நாம் எழுதும் தாளின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் ஆகாது. தொட்டி பாழானதாகத் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே அதன் காற்றுப் பாழாகிவிடும்.

நூற்றுக்கு 19½ பங்கிற்குக் கீழ்ப் பிராணவாயு குறைந்த இடத்தைத் தீங்குடையதென வல்லுநர் வரையறுத்துள்ளனர். 10 பங்களவிற் குறைந்தால் மனிதன் மயங்கி வீழ்வான். 6 பங்கிற்குக் கீழாயின் சில நிமிடங்களில் உயிர் நீங்கும். இதில் வியப்பும் அச்சமும் தருவது யாதெனின், இக்குறைவை உடல் உணர்வதில்லை என்பதே. நீருள் மூழ்கினவன் மூச்சுக்குத் தவிப்பது, பிராணவாயு குறைவதனால் அன்று. உடலிற் கரியமிலவாயு மிகுவதனாலேயே. பிராணவாயுவற்ற அறையில் நிற்பவன் கரியமிலவாயுவை வழக்கம்போல் வெளிவிடுகின்றான்; ஆதலின் அவனுக்குத் தவிப்பு இல்லை; எச்சரிக்கை இல்லை. முழங்கால் தளரும்போதே அறிவும் தளர்ந்துவிடுகின்றது. இலையும் குப்பையும் அழுகிய குழிகளிலோ ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தோன்றும். முதலில் அஃது அழுகிய முட்டைபோல நாறும். மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென மகிழ்பவன் சாவின் வாயிலில் நிற்கின்றான்.

2007 செப்டம்பர் 23ஆம் நாள் வடகடலில் ‘வைக்கிங் ஐலே’ என்னும் கப்பலில் நிகழ்ந்ததனைக் கூறுவேன். நங்கூரச் சங்கிலி வைக்கும் சிற்றறையினுள் மாலுமி ஒருவர் இறங்கினார், வீழ்ந்தார். உடன் வந்தவர் பிறரை அழைத்துவிட்டு, அவரைக் காக்க இறங்கினார், அவரும் வீழ்ந்தார். மூன்றாமவர், அவசரகாலத்தில் தப்பிச் செல்லுதற்கென வைத்திருந்த மூச்சுக்கருவியை அணிந்து இறங்கினார், அவரும் மீளவில்லை. அவ்வறையில் நஞ்சு ஒன்றுமில்லை. சங்கிலியும் சுவரும் துருவேறிப் பிராணவாயுவை உண்டிருந்தன, அவ்வளவே. அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1986இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் பிறரைக் காக்கப் புகுந்தவரே எனக் கூறுகின்றது.

ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். தோழன் வீழக் கண்டு கரையில் நிற்பதனை எவ்வறநூலும் புகழாது. குழியிற் காலை வைத்த என் தம்பியை நான் கடிந்தேனாயினும், என் உள்ளத்தின் ஒரு மூலையில் அவனைக் குறித்துப் பெருமிதமும் இருந்தது. ஆனால், அப்பெருமிதத்திற்குரிய குணமே அவனைக் கொன்றிருக்கும். அன்பு உடைமையோடு, எதனாற் காக்கலாம் என்னும் அறிவும் உடைமை வேண்டும். அம்முதியவர் அன்பிலார் அல்லர். இருவரை இழந்து பெற்ற அறிவினால் கயிற்றைத் தேடினார். கயிறு தேடிய அந்நாழிகைப் பொழுது அவர்க்கு எத்துணைக் கொடிதாய் இருந்திருக்கும்!

படிந்த நஞ்சுகள்

வெப்பம் வெளிச்செல்லாதபடி குழாய்களின்மேற் கல்நாரைப் பொதிந்து வைத்தல் முன்னாளில் வழக்கம். அப்பொதிவு உதிருங்கால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றிற் பரவி நுரையீரலிற் குத்தித் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்தும் தோன்றலாம். பதினைந்து வயதில் ஒரு பிற்பகல் விளையாடியதன் பயனை ஐம்பது வயதில் துய்க்க நேரும் என்றால், காரணம் இதுவென நினைவுகூர்வாரும் இரார்.

பழைய மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் பி.சி.பி. எனப்படும் குளோரின் சேர்ந்த எண்ணெய் பயன்பட்டு வந்தது. அது மண்ணிற் கலந்தால் எளிதில் அழியாது. மீனிலும் பாலிலும் சேர்ந்து மனிதரை அடையும். 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதனை விலக்கற்குரியவற்றுள் ஒன்றாக வைத்தது. இந்திய அரசும் 2016இற் பிறப்பித்த ஆணையால், 2025 டிசம்பர் 31ஆம் நாளுக்குள் இதன் பயன் முற்றும் ஒழிய வேண்டுமென விதித்தது. ஆணை ஏட்டில் இருப்பினும், மூடிய ஆலையின் மூலையிற் கிடக்கும் மின்மாற்றி அதனை அறியாது. செம்புக் கம்பிக்காக அதனை உடைப்பவன் எண்ணெயைத் தரையிற் கொட்டிவிட்டுச் செல்கின்றான். எண்ணெய்க் கசடு தங்கிய தொட்டிகளை வாயுச்சுடர் கொண்டு அறுக்குங்கால் அவை வெடித்தலும் உண்டு. இன்னும், கற்கரி சுட்ட இடத்திலே தாரும் பென்சீனும், இரும்பைக் கழுவிய தொட்டியிலே அமிலமும், மின்னுலைப் புகைத்தூளிலே ஈயமும் காட்மியமும் எஞ்சும்.

கண்காணாக் கதிர்

பெரிய எஃகாலைகளில் உருகிய எஃகு அச்சினுள் எவ்வளவு நிற்கின்றது என்பதனையும், தகட்டின் தடிப்பு யாது என்பதனையும் தொடாமல் அளப்பதற்குக் கோபால்ட்டு, சீசியம் முதலிய கதிர்வீசும் பொருள்களைக் கனத்த ஈயப்பெட்டியில் வைத்துப் பயன்படுத்துவர். ஆலை மூடப்படும்போது அப்பெட்டி உரியவரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். மறந்துவிட்டாலோ, அது மற்றொரு கனத்த இரும்புத் துண்டாகவே பிறர் கண்ணுக்குப் படும்.

பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையமொன்றில் சீசியம் அடங்கிய கருவி விடப்பட்டிருந்தது. 1987 செப்டம்பரில் இருவர் அதனைப் பழைய இரும்பென எடுத்துச் சென்று விற்றனர். இருளில் நீலமாக ஒளிர்ந்த அப்பொடியைக் கண்டு மகிழ்ந்து, உற்றார் உறவினர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். நால்வர் இறந்தனர், 249 பேரிடம் அப்பொருளின் கறை காணப்பட்டது. நம் நாட்டிலும் 2010இல் தில்லி மாயாபுரிச் சந்தைக்கு, நெடுநாள் பயன்படாதிருந்த ஆய்வுக்கருவியொன்று பழைய இரும்பாக வந்து சேர்ந்தது. அதனுள் இருந்த கோபால்ட்டினால் பலர் நோயுற்றனர், ஒருவர் உயிர்நீத்தார். மஞ்சள் நிறத்தின்மேல் விசிறிபோன்ற மூவிதழ்க் குறி பொறித்த எப்பெட்டியையும் தொடாது விலகுதல் நம் ஒவ்வொருவர்க்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடமாகும்.

செய்யத்தக்கன

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் இருவகையினர். ஒருவகையார் எம்மனைய இளைஞர். விளையாட்டும் வியப்பும் அவர்களை இழுக்கின்றன. மற்றொரு வகையார் பழைய இரும்பு பொறுக்கி வயிறு வளர்க்கும் ஏழை மக்கள்; பசி அவர்களைத் தள்ளுகின்றது. முன்னவர்க்கு அறிவுரை போதும். பின்னவர்க்கு அறிவுரை மாத்திரம் கூறுதல் அறமாகாது. அவர்கள் இடரை அறியாமல் செல்வோர் அல்லர், அறிந்தும் வேறு வழியின்றிச் செல்வோர் பலர். ஆகவே ஆலையை மூடுவோரே குழிகளை மூடி, தொட்டிகளைத் திறந்து காற்றோடவிட்டு, எண்ணெயையும் கதிர்ப்பொருளையும் முறைப்படி அகற்றி, வேலியிட்டுச் செல்லுதல் வேண்டும். இலாபம் கிடைத்த நாளில் ஆலையைத் தமதென்று கூறியவர், அது நின்ற நாளில் அதன் குழியையும் தமதென்று ஏற்றல் முறையன்றோ?

அங்ஙனம் செய்தல் இயலாததன்று. செருமனியில் துய்ஸ்பர்க் நகரத்து மைடெரிஹ் இரும்பாலை 1985இல் நின்றது. அதனைத் தூய்மைப்படுத்தி 1994இற் பூங்காவாகத் திறந்தனர். வாயு நிறைந்திருந்த பெருந்தொட்டியில் இன்று நீர்நிரப்பி முக்குளிக்கப் பயில்கின்றனர். ஊதுலையின் உச்சிவரை மக்கள் ஏறிக் காண்கின்றனர். 1986இல் அணைந்த ஃபோல்க்லிங்கன் உலைகளை 1994இல் யுனெஸ்கோ மன்றம் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எனவே பழைய ஆலையைக் காணும் விருப்பம் குற்றமன்று. காணத்தக்கதாக ஆக்கியபின் காணவேண்டும் என்பதே நான் கூறுவது.

இடர் நேர்ந்தபோது செய்யவேண்டுவனவற்றையும் சுருங்கக் கூறி முடிப்பேன். குழியிலோ தொட்டியிலோ ஒருவர் வீழ்ந்தால், பிறர் இறங்கலாகாது. 112 அல்லது 101 என்னும் எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்புப் படையினரை வருவித்தல் வேண்டும்; மூச்சுக்கருவி அவர்களிடமே உண்டு. வீழ்ந்தவர் அறிவோடிருந்தால் மேலிருந்தே கயிறு விடலாம். இயன்றால் விசிறிகொண்டு உள்ளே நற்காற்றைச் செலுத்தலாம். விளக்கு அணையாது எரிந்தால் காற்று நன்றென நம்பிவிடலாகாது. விளக்கு நச்சுவாயுவை அறியாது. எரிவாயு இருந்தால் தீப்பற்றவும் கூடும்.

முடிவுரை

எங்கள் ஊர் இளைஞர் பதினெண்மர் கையொப்பமிட்டு, அவ்வாலைக் குழியை மூடவேண்டுமென ஊராட்சிக்கும் மாவட்ட அலுவலகத்திற்கும் விண்ணப்பம் விடுத்துள்ளோம். விடையை எதிர்நோக்கியிருக்கின்றோம். அதுவரை வாளாவிருத்தல் தகாதெனக் கருதி, விடுமுறையின் கடைசி ஞாயிறன்று மாலையிற் கருவேலமுள்ளை வெட்டிக் குழியைச் சுற்றி அடைத்தோம். ஆட்டுக்கார முதியவரும் உடன் வந்து, முள்ளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் காற்றுக்கு அசையாதபடி வைக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். கைக்கட்டு அவிழாத அச்சிறுவன் எட்ட நின்று பார்த்திருந்தான். முள் நெடுநாள் நில்லாது, கரையான் அரித்துவிடும். அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது மீண்டும் அடைக்கவேண்டியிருக்கும். இதனைப் படிக்கும் அன்பர்தம் ஊர்ப்புறத்திலும் இத்தகைய ஆலையோ குவாரியோ பாழுங்கிணறோ இருக்குமாயின், அங்கே ஒருமுறை சென்று, வெளியே நின்றவாறே, அதன் வேலி எந்நிலையில் உள்ளதென நோக்குமாறு வேண்டிக்கொள்கின்றேன்.